அவர் பக்கத்து சீட்

திருமயத்தைத் தாண்டி, மெயின் ரோட்டை விட்டு உள்ளே ஒதுங்கிய ஊர் அது. பெரிய பெரிய வீடுகள். பாதிக்கு மேல் பூட்டு. மாலை வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி அந்தத் தெருவில் நடக்கும்போதே கலைமதி புருஷனை எச்சரித்து வைத்தாள்.

"வண்டியப் பாத்துட்டு, பிடிக்கலன்னு மட்டும் சொல்லிராதீங்க."

ரத்தினவேலுக்குப் பிடிக்காமல் போவதாவது. கத்தாரில் அடுத்தவனுக்குக் கதவு திறந்துவிட்டு, அடுத்தவனுக்காக ஓட்டி, அடுத்தவனுக்காகத் துடைத்துவைத்த வண்டிகள் எல்லாம் இந்த ஜாதிதான். ஊருக்குத் திரும்பி, அறந்தாங்கியில் நெல் அறுக்கும் மெஷினை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறான். அதிகம் பேசமாட்டான். சிரிப்பது அதைவிடக் குறைவு. கலைமதி ஏதாவது கேட்டால் "ம்" என்பான். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடிப்பதிலேயே அவளுடைய கல்யாண வாழ்க்கை பாதி கழிந்திருந்தது.

வண்டி ஆசை அவனுடையதில்லை. கலைமதியுடையது. அதுகூடச் சரியில்லை. அவளுக்கு வண்டி மேல் ஆசை இல்லை, அக்கா மேல் பொறாமை.

அக்கா செவந்தியின் வீட்டுக்காரர் அருள்மணி போன தையில் வெள்ளையாக, ஆளுயரத்துக்கு ஒரு வண்டி வாங்கினார். அதிலிருந்து சொந்தத்தில் ஒரு காதுகுத்து என்றால், ஒரு வளைகாப்பு என்றால், எல்லாரும் அதில்தான். "எடம் கெடக்கு, ஏறிக்க ஆத்தா" என்பார் அருள்மணி. இடம் கிடப்பது கடைசி வரிசையில். முழங்கால் மோவாயில் இடிக்க, மடியில் வரிசைத் தட்டை வைத்துக்கொண்டு கலைமதி உட்கார்ந்து வருவாள். முன்சீட்டில் செவந்தியின் பின்னந்தலையும், அதில் ஆடும் மல்லிகைச் சரமும் தெரியும். அந்தப் பின்னந்தலையைப் பார்த்துப் பார்த்தே அவளுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. பொறாமை என்று முகத்துக்கு நேரே சொன்னால் சண்டைக்கு வருவாள். ஆனால் பொறாமைதான்.

பெரிய வீட்டின் பக்கவாட்டுக் கொட்டகையில் நின்றது வண்டி. கருநீலம். ஜெர்மன்காரன் செய்த ஸ்போர்ட்ஸ் செடான், நாலு கதவு. தரையோடு தரையாக, பாயப்போகிற பூனை மாதிரி பதுங்கி நின்றது. ரத்தினவேல் பானெட்டைத் திறந்தான், அடியில் படுத்துப் பார்த்தான், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். அவன் முகத்தில் கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு வெளிச்சத்தைக் கலைமதி பார்த்ததில்லை.

வீட்டுக்காரர் வயிரவன் வாசல்படியை விட்டு இறங்கவில்லை. சென்னையில் தொழில், குடும்ப விசேஷத்துக்காக வந்தவர். சாவியைக்கூட வேலையாளிடம் கொடுத்தனுப்பினார். அவர் சொன்ன விலை, கேட்டவன் சந்தேகப்படும் அளவுக்குக் குறைவு.

"ஆக்சிடென்ட் எதுவும் ஆனதுங்களா?" என்றான் ரத்தினவேல்.

"ஒரு கீறல் கிடையாது. நம்ம வீட்டுல ஓட்ட ஆள் இல்ல, அவ்வளவுதான்" என்றார் வயிரவன், கொட்டகையைப் பார்க்காமலே.

பணம் கைமாறி, கிளம்பும் நேரத்தில் அவர் மனைவி உமா தாம்பூலத் தட்டோடு வந்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், அதன் மேல் அரக்குக் கரை போட்ட மஞ்சள் கண்டாங்கிச் சேலை. உள்ளே ஏதோ கும்பிட்டு முடித்த சாம்பிராணி மணம் அவளோடு வந்தது.

"கட்டிக்கிட்டே போங்க" என்றாள் உமா. "உள்ள ரூம் இருக்கு."

நல்ல காரியத்தில் ஒரு சுமங்கலி தாம்பூலத்தோடு சேலை நீட்டினால், இது எதற்கு எடுத்தது, யாருக்கு வைத்தது என்று கலைமதியின் பக்கத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்பது மரியாதை இல்லை, மறுப்பது அதைவிட மோசம். தட்டு கைமாறியதும் உமா முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள். பெரிய வீட்டு மனுஷிக்குச் சுத்தம் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"முன்னாடி உக்காருங்க" என்றாள் உமா. குரலை இன்னும் தாழ்த்தினாள். "பின்னாடி உக்காந்துறாதீங்க."

கடைசி வரிசையில் தட்டு சுமந்தவளுக்கு அது வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

சேலையை மாற்றிக் கட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறி, கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் அத்தனையும் அறுந்துவிட்டது. உள்ளே தோல் சீட்டின் வாசனை, அதற்கு அடியில் மெலிதாக மரிக்கொழுந்து. ரத்தினவேல் பட்டனை அழுத்தினான். வண்டி உறுமியது.

கலைமதியின் சீட் தானாக நகர ஆரம்பித்தது.

மெல்ல முன்னால் போனது. மெல்ல மேலே எழுந்தது. அவள் முழங்கால் டேஷ்போர்டில் முட்டி நின்றது.

"மெமரி" என்றான் ரத்தினவேல். "முன்ன உக்காந்தவங்க குள்ளமானவங்க போல. வண்டி ஞாபகம் வச்சிருக்கு. மாத்தி வச்சிரலாம்."

மாற்றி வைத்தான். அறந்தாங்கி வருவதற்குள் அது இரண்டு தடவை பழைய இடத்துக்கே போனது. கலைமதி அதையெல்லாம் லட்சியம் செய்யவில்லை. வீட்டுக்குப் போகாமல் நேரே அக்கா தெருவுக்கு விடச் சொன்னாள். ஹாரன் சத்தத்துக்கு வெளியே வந்த செவந்தி, வண்டியைப் பார்த்தாள், தங்கச்சியைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள்.

"நல்லாருக்குடி" என்றாள். சற்றுப் பொறுத்து, "கொஞ்சம் தாழ்வா இருக்கோ?" என்றாள்.

அந்த ஒரு கேள்விக்காகவே வண்டிக்குக் கொடுத்த காசு தகும் என்று கலைமதிக்குத் தோன்றியது. அன்று நன்றாகத் தூங்கினாள். மறுநாள் குளிக்கும்போது கழுத்தைச் சுற்றி ஒரு சிவந்த கோடு எரிந்தது. பெல்ட் உரசியிருக்கும் என்று மஞ்சளைத் தடவிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ரத்தினவேல் மாற ஆரம்பித்தான். மெஷின் வேலை முடிந்து வந்ததும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, பொழுது சாயும் நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு மணமேல்குடிக் கடற்கரைப் பக்கம் போவான். இஞ்சினுக்கு ஓட்டம் வேண்டும் என்றான். கலைமதி வருகிறேன் என்றால், "ஏசி ஒனக்கு ஒத்துக்கல" என்றான். திரும்பி வரும்போது முகத்தில் சிரிப்பு இருக்கும். அவளுக்கு என்று இத்தனை வருஷத்தில் பூ வாங்கத் தெரியாதவன், மரிக்கொழுந்து வாங்கி வண்டியில் வைத்திருந்தான்.

ஒருநாள் காலையில் அவள் வண்டியைத் துடைக்கப் போனாள். இடப்பக்க மிதியடியில் கடல் மணல். அதில் வெறுங்காலின் தடம். ஈரம் இன்னும் காயவில்லை. சின்னப் பாதம், அவளுடையதில் முக்கால்வாசிதான் இருக்கும்.

பேய் என்று அப்போது தோன்றியிருந்தால் பயந்திருப்பாள். பொம்பளை என்று தோன்றியதால் எரிந்தாள்.

"யாரக் கூட்டிக்கிட்டுப் போறீங்க?"

"யாரு வருவா? தனியாத்தான் போறேன்."

பொய் சொல்கிறவனின் முகம் இல்லை அது. அதுதான் அவளை இன்னும் எரித்தது.

அன்று மாலை அவன் கிளம்பும்போது வாசல் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அவன் ஏறி உட்கார்ந்தான். பக்கத்து சீட்டில் பை இல்லை, ஆள் இல்லை. ஆனாலும் பெல்ட் போடச் சொல்லி மணி அடிக்க ஆரம்பித்தது. டிங். டிங். டிங். அவன் குனிந்து, காலிச் சீட்டின் பெல்ட்டை இழுத்து, நிதானமாக மாட்டினான்.

மணி நின்றது.

காலிச் சீட்டில் பெல்ட் தொய்ந்து ஒட்டிக்கிடக்க வேண்டும்.

அது ஒட்டவில்லை. ஒரு மார்பின் மேல் போட்டது மாதிரி வளைந்து, விறைத்து நின்றது.

கலைமதி ஓடிப்போய் முன்கதவைத் திறந்தாள். பெல்ட் சட்டென்று தொய்ந்தது. "நானும் வாரேன்" என்று அதைக் கழற்றி, ஏறி உட்கார்ந்து, தனக்கு மாட்டிக்கொண்டாள். உடனே சீட் முன்னால் பாய்ந்தது. மெல்ல இல்லை. முழங்கால் எலும்பு டேஷ்போர்டில் இடித்து வலியில் உயிர் போனது. பெல்ட் கழுத்தோடு இறுகியது.

"பின்னாடி உக்காரு கலை" என்றான் ரத்தினவேல் அமைதியாக. "பிடிக்கல."

"யாருக்கு?"

பெல்ட் இறுகிக்கொண்டே வந்தது. அவள் எப்படியோ அதைக் கழற்றி, இறங்கி, பின்சீட்டில் ஏறினாள். இறங்கி வீட்டுக்குள் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. புருஷனைப் பக்கத்து சீட்டுக்காரியோடு தனியாக அனுப்ப மனசு வரவில்லை.

கடற்கரை ரோட்டில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மரிக்கொழுந்து மணம் ஏறிக்கொண்டே போனது. ரத்தினவேலின் இடது கை ஸ்டியரிங்கை விட்டு இறங்கியது. நடுவில் இருந்த கைதாங்கியின் மேல் மல்லாந்து விரிந்தது.

காத்திருந்தது.

பிறகு அவன் விரல்கள் ஒவ்வொன்றாக மூடின. எதையோ பொத்திப் பிடித்ததுபோல் மூடின. முழுதாக மூட முடியவில்லை. உள்ளே இன்னொரு கை இருக்கும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

"ம். சொல்லு" என்றான், சிரித்துக்கொண்டே.

அந்த "ம்"முக்கு அர்த்தம் தேட வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு ஆசை அதில் இருந்தது. கலைமதி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் உமாவுக்குப் போன் போட்டாள். அவள் பேரைச் சொன்னதுதான் தாமதம்.

"உக்காந்துட்டாகளா?" என்றாள் உமா.

"யாரு ஆச்சி அது?"

"எனக்கு முன்னாடி இருந்தவுக, மூத்த தாரம். சாலா. காச்சல்ல போயிட்டாக. வண்டி வாங்குனதே அவுக ஆசைக்குத்தான். அந்த சீட்டுல வேற ஒருத்தி உக்காந்ததில்ல. நான் வந்து உக்காந்தேன். கழுத்துத் தழும்பு மறையவே ஒரு வருசம் ஆச்சு."

"அந்தச் சேலை?"

"படைப்புல அவுகளுக்கு வச்சது. செத்தவுகளுக்குச் சேலை வச்சுக் கும்பிடுவோம்ல, அத அப்பறம் வீட்டுப் பொம்பள ஒருத்தி எடுத்துக் கட்டணும். கட்டுனவளோட அவுக வந்து இருப்பாகன்னு எங்க வீட்டுல சொல்லுவாக. என்னால கட்ட முடியல. அவுக படத்தப் பாத்தாலே எங்க வீட்டுக்காரவுக கண்ணு கலங்குறதப் பாத்துக்கிட்டு, அவுக சேலையையும் நான் கட்டணுமா?" உமா அழுதாள். "நீங்க கட்டிக்கிட்டு அந்த சீட்டுல உக்காந்தா உங்களோட வந்துருவாகன்னு நெனச்சேன். வந்துட்டாக. இங்கிட்டு இப்ப நிம்மதியா இருக்கு. என்னைய மன்னிச்சிருங்க."

கலைமதி மன்னிக்கவில்லை. திட்டவும் இல்லை. போனை வைத்துவிட்டு, பீரோவைத் திறந்து அந்தச் சேலையை எடுத்தாள். வந்தவளை வந்த வழியிலேயே அனுப்பிவிடலாம். ஒரு சுமங்கலி, ஒரு தாம்பூலத் தட்டு, அந்த முன்சீட். அவ்வளவுதான் வேண்டும்.

யாருக்கு என்று யோசிக்கும் முன்பே ஒரு முகம் வந்து நின்றது. வேறு முகத்தைத் தேடியிருக்கலாம். அவள் தேடவில்லை. அக்காவுக்கு வசதி இருக்கிறது, ஆள்பலம் இருக்கிறது, அவள் எதையும் சமாளித்துக்கொள்வாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

செவந்தி தட்டை வாங்கியதும் சேலையின் கரையைத் தடவிப் பார்த்தாள்.

"எனக்கா எடுத்த?"

"ஆமாக்கா. கட்டிக்கிட்டு வா. ஆவுடையார்கோயிலுக்குப் போயிட்டு வருவோம். நீ முன்னாடி உக்காரு."

"சின்னப்பிள்ளையில இருந்து நீ எனக்கு ஒண்ணும் குடுத்ததில்லடி" என்றாள் செவந்தி. கண் கலங்கியது, சிரித்தாள். "அன்னைக்கு நீ இதக் கட்டிக்கிட்டு அந்த வண்டியில வந்து எறங்குனதப் பாத்து எனக்குச் சோறு எறங்கல, தெரியுமா? எங்க வண்டியில எட்டுப் பேரு வந்தாலும், என்னைய யாருடி பாக்குறா?"

கலைமதி தட்டின் விளிம்பைப் பற்றினாள். சேலையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

ஒரு கணம்தான்.

கோயில் ரோட்டில் கருவேலங்காட்டுக்குள் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. முன்சீட்டில் செவந்தி. பின்னால் கலைமதி. கண் முன்னே அதே பின்னந்தலை, அதே மல்லிகைச் சரம். பெல்ட் போட்டுத்தான் இருந்தது. இருந்தும் மணி அடிக்க ஆரம்பித்தது.

"தம்பி, இது என்ன சத்தம்?" என்றாள் செவந்தி.

ரத்தினவேல் அவளைப் பார்க்கவில்லை. அவன் முகம் வெளிறியிருந்தது.

"தம்பி, சீட்டு தானாப் போகுது."

"வேணாம்" என்று முணுமுணுத்தான் அவன். செவந்தியிடம் இல்லை.

மல்லிகை மணம் செத்துப்போனது. மரிக்கொழுந்து மட்டும்.

பெல்ட் இறுகியது. செவந்தியின் இரண்டு கையும் கழுத்துக்குப் போயின. வளையல்கள் சலசலத்தன. குரல் வரவில்லை.

கலைமதியின் கை பெல்ட்டைக் கழற்ற எழுந்தது.

பாதியில் நின்றது.

கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

அதைச் சொன்னது சாலா இல்லை. கலைமதிக்கு நன்றாகத் தெரியும், அது அவளுடைய குரல்தான்.

அப்போது செவந்தியின் ஒரு கை பின்பக்கமாக நீண்டு, காற்றில் துழாவி, தங்கச்சியின் விரல்களைக் கண்டுபிடித்துப் பற்றிக்கொண்டது. சின்ன வயசில், சந்தையில் தொலைந்துபோகாமல் இருக்க அக்கா பிடித்துக்கொள்வாளே, அதே பிடி. கலைமதி உடைந்துபோனாள். முன்னால் பாய்ந்து பெல்ட்டின் சிவப்புப் பொத்தானைத் தேடினாள்.

பொத்தானின் மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

சின்னக் கை. கண்ணாடி வளையல் போட்டிருந்தது. ஈரமாக, சில்லென்று இருந்தது.

வண்டி ஓரம் கட்டி நின்றுவிட்டது. ரத்தினவேல் அழுதுகொண்டிருந்தான். "சாலா, விட்டுரு" என்றான். "என் கண்ணுல்ல, விட்டுரு."

அந்தப் பேரைக் கலைமதி அவனிடம் சொன்னதே இல்லை.

செவந்தியின் பிடி தளர்ந்துகொண்டிருந்தது. கலைமதி அந்தச் சில்லிட்ட கையைத் தன் கையால் மூடினாள். அதை வெறுத்தாள், அதனிடமே கெஞ்சினாள்.

"அவரு பக்கத்துல ஒனக்குத்தான் எடம். எங்க போனாலும் ஒனக்குத்தான். நான் கேக்க மாட்டேன். எங்க அக்காள விட்டுரு."

கிளிக் என்று பெல்ட் கழன்றது.

செவந்தி பிழைத்துக்கொண்டாள். குரல் திரும்பி வந்தபோது அது தேய்ந்துபோய், கரகரவென்று வந்தது. பெல்ட்டில் ஏதோ கோளாறு என்று டாக்டரும் நம்பினார், அருள்மணியும் நம்பினார். தங்கச்சிதான் காப்பாற்றினாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் குரலில் செவந்தி சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து கலைமதி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வண்டியை மதுரைக்காரர் ஒருவர் வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். முன்சீட்டில் அந்தச் சேலையை மடித்து வைத்து, கதவைச் சாத்தியது கலைமதிதான். ரத்தினவேல் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. இரண்டு நாள் சாப்பிடவில்லை, பேசவில்லை. பிறகு தானாகத் தேறினான். மெஷின் வேலைக்குப் போனான். வந்து போக ஒரு பைக் வாங்கினான். ஒருநாள் சாப்பிடும்போது குழம்பு நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னான். கலைமதி அடுப்படிக்குப் போய்ச் சந்தோஷத்தில் அழுதாள். போனது போகட்டும், புருஷன் கிடைத்துவிட்டான் என்று இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவைப் பார்க்கக் கிளம்பினார்கள். நல்ல வெயில். தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ரத்தினவேல் வாசலில் பைக்கை ஸ்டார்ட் செய்து, ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கலைமதி வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏறிட்டியா?" என்றான் அவன்.

இருங்க, வாரேன் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

பைக்கின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது.

"நல்லாப் பிடிச்சுக்க" என்றான் ரத்தினவேல். அவ்வளவு பிரியமாக அவன் கலைமதியிடம் ஒருநாளும் பேசியதில்லை.

வண்டி கிளம்பிப் போனது. கலைமதி கையில் சாவியோடு படியில் நின்றாள். தெருமுனையில் திரும்பும் வரைக்கும் அவன் முதுகு தெரிந்தது. இடுப்புப் பக்கம் அவன் சட்டை, சின்னக் கை ஒன்று கொத்தாகப் பிடித்திருக்கும் இடத்தில், சுருங்கி இழுபட்டிருந்தது.